பரண்ல தாத்தாவோட பட்டாளச் சட்டை இருக்கா? துவைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

திருச்சி தில்லை நகர்ல பழைய தனி வீடுகள் ஒவ்வொண்ணா அப்பார்ட்மென்ட் ஆகிட்டு வருது. என் தோழி வீட்டையும் போன மாசம் இடிக்கக் கொடுத்தாங்க. பரணைக் காலி பண்ணும்போது ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே கொள்ளுத்தாத்தாவோட சட்டை. 'பர்மா சண்டைக்குப் போனவரு' என்பதைத் தாண்டி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு பேப்பர்கூட மிஞ்சலை. சித்தி அதை சோப்புத்தூளில் ஊறவைக்கப் போக, தோழி பாய்ந்து பிடுங்கிட்டா. காரணம், தோள்பட்டைக்குக் கீழே தைத்திருந்த ஒரு சின்னத் துணி. சிவப்பும் கறுப்புமா ஒரு கேடயம், நடுவில் கீழ்நோக்கிய வெள்ளை வாள்.

அது ஜெனரல் ஸ்லிம் தலைமையில் பர்மாவில் ஜப்பானியர்களோடு மோதிய 14-வது ராணுவத்தின் சின்னம். அந்தப் படை 1943-ல்தான் உருவானது. 1945-ல் போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. ஆக, பேப்பரே இல்லாமல் சட்டைக்கு ஏறக்குறைய வயசு கிடைச்சாச்சு!

இரண்டாம் உலகப் போரில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் இப்படி ஒரு படம் இருந்தது. சிவப்புக் கழுகு என்றால் 4-வது இந்திய டிவிஷன். கறுப்புத் துணியில் சிவப்பு வட்டம் 5-வது. சண்டைச் சேவல் 23-வது. 17-வது டிவிஷன் முதலில் மின்னல் கீற்றை வைத்திருந்து, பிறகு கறுப்புப் பூனைக்கு மாறியது. அதனால் மின்னல் கிடைத்தால் அது போரின் ஆரம்ப காலம்.

பலரும் சறுக்கும் இடம் ஒண்ணு இருக்கு. கையில் இருக்கும் துணிச் சின்னம் ரெஜிமென்ட்டைச் சொல்லாது. ஒரே டிவிஷனில் இருந்த தமிழரும் பஞ்சாபியரும் கூர்க்காவும் இங்கிலாந்துக்காரரும் ஒரே பூனையைத்தான் மாட்டியிருப்பாங்க. ரெஜிமென்ட் வேணும்னா தொப்பி பேட்ஜையும் தோளில் இருக்கும் பித்தளை எழுத்துகளையும் பாருங்க. யானை இருந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட்டா இருக்க வாய்ப்பு அதிகம். 1803 அஸ்ஸாயே போரின் நினைவாகக் கிடைத்த யானை அது. பட்டனிலோ பேட்ஜிலோ பிரிட்டிஷ் கிரீடம் இருந்தால், பெரும்பாலும் 1950 குடியரசு நாளுக்கு முந்தையது. அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு அசோகச் சிங்கங்கள் வந்துட்டாங்க.

சரி, சிவப்புக் கழுகு இருந்தாலே அது போர்க்காலச் சட்டையா? அவசரப்படாதீங்க. கழுகும் கறுப்புப் பூனையும் இன்றைய இந்திய ராணுவத்திலும் தொடருது. படம் 'எந்தப் படை'ன்னு சொல்லும். 'எப்போ'ன்னு சொல்ல நூல்தான் வேணும்.

கள்ளநோட்டு பார்க்கிற யு.வி. டார்ச்சை இருட்டில் அடிச்சுப் பாருங்க. பழைய பருத்தி நூல் மங்கலாகவே கிடக்கும். பிற்காலத்து பாலியஸ்டர் நூல் பல நேரம் பளிச்னு நீல வெள்ளையில் மின்னும். ஆன்லைனில் 'ஒரிஜினல் வேர்ல்டு வார்' என்று விற்கும் பல துண்டுகள் இந்த டார்ச்சிலேயே மாட்டும். ஆனா இன்றைய சோப்புத்தூளில் இருக்கும் வெண்மையாக்கிகளும் இதே மாதிரி மின்னும். ஒரு தடவை வாஷிங் மெஷினில் போட்டால், நிஜமான 1944 சட்டைகூட போலி மாதிரி தெரியும். சித்தியைத் தடுத்தது அதனால்தான் பெரிய விஷயம்.

சின்னத்தைப் பிரிச்சு ஃப்ரேம் போடுற ஆசையும் வேண்டாம். ஓரத்தை லேசா நிமிர்த்திப் பாருங்க. அடியில் இருக்கும் துணி சுற்றியுள்ள துணியைவிட அடர் நிறமா இருந்தால், அது அங்கேயே ரொம்ப வருஷம் இருந்திருக்குன்னு அர்த்தம். பிரிச்சுட்டா அந்த சாட்சி போச்சு.

கடைசியா காலருக்கு உள்பக்கம் பாருங்க. சிலர் தங்கள் படை எண்ணை மையில் எழுதி வெச்சிருப்பாங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அந்த எண்ணோடு வெலிங்டனில் உள்ள அதன் மையத்துக்கு எழுதிக் கேட்கலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம்.

தோழியின் சட்டையில் சின்னம் மின்னவில்லை. காலரில் எண்ணும் இருக்கு, கடைசி ரெண்டு இலக்கம்தான் அழிஞ்சிருக்கு. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு, போனில் விதவிதமா படம் எடுத்துக்கிட்டிருக்கா. இப்போ டார்ச் பிடிக்கிறது சித்தி!