முதுமையில் என்ன சாப்பிடலாம்?
களி உருண்டையைக் குறையுங்கள்! கீரையைக் கூட்டுங்கள்!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளி என்று ஒரு கிராமம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி அங்கே ஒரு புதுத் திட்டம் பிறந்தது. அதன் பெயர் "மக்களைத் தேடி மருத்துவம்". முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ரத்தக் கொதிப்பு, நீரிழிவு நோய்களுக்கான மாத்திரைகள் வீடு தேடி வந்தன. ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி.

மருந்து வாசலுக்கு வந்தது. சாப்பாடு? அது அவரவர் கையில்தான் இருக்கிறது!

களியின் பலம்

ஓசூர், தளி, சூளகிரி பக்கத்துப் பெரியவர்களுக்கு ராகிக் களி என்றால் உயிர். காரணம் இல்லாமல் இல்லை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். எலும்பு தேயும் வயதில் ராகி நல்ல துணை. பல் போனவர்களும் சுலபமாக விழுங்கலாம்.

ஆனால், "களி தின்றால் சர்க்கரை ஏறாது" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு! ராகியும் மாவுச் சத்துதான். அளவு மீறினால் சர்க்கரை ஏறும். கூழாகக் குடித்தால் சீக்கிரம் ஏறும்.

அந்தக் காலத்தில் ஏர் உழுதவருக்கு இரண்டு உருண்டை செரித்தது. இன்று பிள்ளைகள் சிப்காட் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். பெரியவர் திண்ணையில் இருக்கிறார். அவருக்குச் சிறிய உருண்டை ஒன்று போதும். கூடவே கீரை மசியல், கொள்ளுப் பருப்பு, அவரைக்காய் நிறைய வேண்டும். தசை வற்றாமல் இருக்கப் பருப்பும் முட்டையும் அவசியம்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது. ஊறுகாயும் கருவாடும் ரத்தக் கொதிப்புக்கு எதிரிகள்!

தண்ணீரிலும் கவனம்!

வயதானால் தாகம் தெரியாது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், மயக்கம் வரும். வீட்டில் உள்ளவர்கள்தான் நினைவுபடுத்திக் கொடுக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. பல்லில் பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் விறைத்துப்போகும். "வயசானால் வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடக் கூடாது. காய்ச்சினாலும் புளோரைடு போகாது. 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. அந்தத் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவது பெரும் தவறு. சத்தமில்லாமல் ரத்தக் கொதிப்பு ஏறும். பக்கவாதம் வரலாம். சிறுநீரகம் கெடலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

முகம் கோணினாலும், கை திடீரென்று தளர்ந்தாலும், பேச்சு குளறினாலும் கை வைத்தியம் வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்!