விமானப்படையில் தொழில்நுட்பப் பயிற்சி

1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப்படை தோற்றுவிக்கப்பட்டபோது அதில் இருந்தவர்கள் 6 அதிகாரிகளும், 'ஹவாய் சிப்பாய்' என அழைக்கப்பட்ட 19 வீரர்களுமே ஆவர். பறப்பவர்களைக் காட்டிலும் பறக்கச் செய்பவர்கள் மிகுதியாகத் தேவைப்படுவர் என்னும் உண்மை அந்தச் சிறு படையிலேயே புலப்பட்டது. 1933 இல் கராச்சியில் 4 வாபிட்டி இரட்டை இறக்கை விமானங்களுடன் தொடங்கிய முதல் அணியின் காலம் முதல், ரபேல் விமானங்கள் முறைப்படி படையில் சேர்ந்த 2020 வரை, இயந்திரங்கள் அடையாளம் காண இயலாத அளவுக்கு மாறிவிட்டன. எனினும் அவற்றைப் பழுதின்றிக் காக்கும் தொழில்நுட்பப் பணியாளரின் பொறுப்பு சிறிதும் குறையவில்லை.

பயிற்சியின் படிகள்

இப்பணிக்குரிய கல்வித் தகுதி பள்ளிப் படிப்பிலேயே அமைகிறது. கணிதம், இயற்பியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களுடன் மேல்நிலைக் கல்வியில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்களும், குறிப்பிட்ட பிரிவுகளில் பொறியியல் டிப்ளமா பெற்றவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, உடல் திறன் தேர்வு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றில் தேறியவர்கள் கர்நாடக மாநிலம் பெலகாவியில் அடிப்படைப் பயிற்சி பெறுகின்றனர். அணிவகுப்பும் கட்டுப்பாடும் அங்கே கற்பிக்கப்படுகின்றன.

அடுத்த கட்டம் தொழிற்பயிற்சி. சென்னையை அடுத்த தாம்பரத்திலும், பெங்களூரின் ஜாலஹள்ளியிலும் உள்ள பயிற்சி நிலையங்கள் இதில் நெடுங்கால அனுபவம் உடையவை. விமானத்தின் உடற்கூறு, உந்து இயந்திரம், மின் அமைப்பு, மின்னணுச் சாதனங்கள், ஆயுத அமைப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 'ஃபிட்டர்' பிரிவுகள் உண்டு. வகுப்பறைப் பாடத்துக்குப் பின் பயிற்சியாளர் பணித்தளம் சென்று, அனுபவம் மிக்கவரின் மேற்பார்வையில் உண்மையான விமானத்தில் கைப்பழக்கம் பெறுகிறார்.

கையெழுத்தின் பொருள்

இப்பயிற்சியின் உயிர்நாடி கைத்திறன் மட்டுமன்று. பழக்கமாகிவிட்ட நேர்மையும் ஆகும். வேலை தொடங்குமுன் எண்ணி எடுத்த கருவிகள் வேலை முடிந்ததும் மீண்டும் எண்ணப்படுகின்றன. ஒரு திருப்புளி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானம் புறப்படாது. ஒவ்வொரு திருகாணியையும் விதிக்கப்பட்ட அளவுக்கே முறுக்க வேண்டும். விமானத்தைத் திசை திருப்பும் கட்டுப்பாட்டு அமைப்புகளில் ஒருவர் செய்த வேலையை மற்றொருவர் தனியே சோதிக்கிறார். செய்த பணி ஏட்டில் பதியப்பட்டு, செய்தவர் கையெழுத்திடுகிறார். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே விமானி விமானத்தை ஏற்கிறார். தன் தவற்றைத் தானே முன்வந்து தெரிவிக்கும் துணிவு பணியாளருக்கு இல்லையெனில் இந்த ஏற்பாடு முழுவதும் வெறும் காகிதமாகிவிடும்.

முதலீடும் பயனும்

பொருளாதார நோக்கில் இப்பயிற்சி மனித வளத்தில் செய்யப்படும் முதலீடாகும். முன்னர் வீரர்களின் தொடக்கப் பணிக்காலம் 20 ஆண்டுகளாக இருந்தது. பயிற்சிச் செலவின் பயன் அந்த நீண்ட காலத்தில் படைக்கே திரும்பக் கிடைத்தது. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, 'அக்னிவீர் வாயு'வாகச் சேர்பவரின் பணிக்காலம் 4 ஆண்டுகள். அவர்களில் 25 விழுக்காட்டினர் வரை நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். மற்றவர்கள், தமது ஊதியத்தில் பிடித்த 30 விழுக்காடும் அதற்கு ஈடான அரசின் பங்கும் சேர்ந்த நிதியுடன் வெளியேறுவர். படையின் சராசரி வயதைக் குறைப்பது இத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 2023 முதல் பெண்களும் இதில் பயிற்சி பெற்று வெளிவருகின்றனர்.

இங்கு ஒரு வினா எழுகிறது. பயிற்சிக்குப் பின் எஞ்சும் குறுகிய காலத்தில் பெற்ற திறன் வெளியுலகில் வீணாகாதிருக்க வழி என்ன? குடிசார் விமானங்களைப் பராமரித்துச் சான்றளிக்க, குடிசார் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமம் வேண்டும். அதற்குத் தனித் தேர்வுகளும் அனுபவமும் தேவை. படையில் பெற்ற பயிற்சி மட்டும் அவ்வுரிமத்துக்கு ஈடாகாது. பணிக்காலத் திறன் பயிற்சிக்குப் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பளிக்கும் ஏற்பாட்டை இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக மத்தியக் கல்வி அமைச்சகம் 2022 இல் அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் பட்டம் வேறு, உரிமம் வேறு.

எனவே பணியில் இருக்கும்போதே உரிமத் தேர்வுகளை எழுத வாய்ப்பும், செய்த வேலைகளைக் குடிசார் துறை ஏற்கும் முறையில் பதிந்து வைக்கும் வசதியும் கிடைப்பது இன்றியமையாதது. விண்ணப்பிக்க எண்ணும் மாணவரும் நான்காம் ஆண்டின் இறுதியில் தாம் எங்கு நிற்போம் என்பதை முதல் ஆண்டிலேயே சிந்தித்துத் திட்டமிடுவது நலம்.