அறுவடை எந்திரத்தின் பின்னால்...

முன்னால் 40 அடி அகலத்துக்கு அறுக்கிறது. பின்னால் 5 அடி அகல வாய் வழியாகக் கூளத்தைத் தள்ளுகிறது. அங்கேதான் சிக்கல்!

அமெரிக்காவில் அயோவா, இல்லினாய் மாநிலங்களில் சோயா மொச்சை ஏராளமாக விளைகிறது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடை. அப்போது செடியில் இலை இருக்காது. தண்டும் காயும் மட்டும் காய்ந்து நிற்கும்.

ராட்சத எந்திரம் ஒன்று வயலில் இறங்கும். அறுப்பது, அடிப்பது, தூற்றுவது எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே நடந்துவிடும். பயறு தொட்டிக்குப் போகும். தண்டும் பொட்டும் வால் வழியே வெளிவரும்.

இதை வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். மண்ணுக்கு அதுதான் போர்வை! 1930-களில் அந்த நாட்டுச் சமவெளிகளில் மூடாக்கு இல்லாத மண் புழுதிப் புயலாகப் பறந்தது. பட்டப்பகல் இருண்டது. மண்ணைக் காக்க 1935-ம் ஆண்டில் தனிச் சட்டமே போட்டார்கள்.

ஆனால் போர்வை ஒரே சீராக இருக்க வேண்டும்.

எந்திரம் போன தடத்தில் மட்டும் கூளம் மெத்தைபோல் குவிந்தால் என்ன ஆகும்? அடுத்த ஏப்ரல், மே மாதங்களில் பலர் அந்த வயலை உழாமலே மக்காச்சோளம் விதைப்பார்கள். கூளம் குவிந்த இடத்தில் ஈரம் காயாது. மண் குளிர்ந்தே கிடக்கும். விதைக்கும் கருவி கூளத்தையும் சேர்த்துக் குழிக்குள் அமுக்கிவிடும். விதை மண்ணைத் தொடாது! பிந்தி முளைத்த செடி, முந்திய செடியின் நிழலில் நோஞ்சானாக நிற்கும். கதிரும் சிறுக்கும்.

இதைத் தடுக்க எந்திரத்தின் வாலில் கத்திகள் உண்டு. அவை தண்டை நறுக்கும். சுழலும் தட்டுகள் பொட்டை இருபுறமும் வீசும். கத்தி மழுங்கினால் தண்டு நறுங்காது. நார் நாராகக் கிழியும். பகலில் மொறுமொறுவென்று ஒடியும் தண்டு, பொழுது சாய்ந்து ஈரக்காற்று பட்டதும் தோல்போல் வளையும். பக்கக்காற்று அடித்தால் கூளம் ஒரே பக்கமாக ஒதுங்கும். காற்றுக்கு ஏற்றபடி தகட்டைத் திருப்ப வேண்டும்.

அதற்காகத் தூளாக்கிவிடவும் கூடாது. சோயா தண்டு, சோளத்தட்டையைவிடச் சீக்கிரம் மக்கும். பொடியானால் இன்னும் விரைவில் மறைந்துவிடும். அப்புறம் மழையில் மண் கரைய வேண்டியதுதான்!

ஆகவே விவரம் தெரிந்த விவசாயி, கொஞ்சதூரம் ஓட்டியதும் எந்திரத்தை நிறுத்துவார். இறங்கிப் பின்னால் நடப்பார். அறுத்த அகலம் முழுவதும் கூளம் பரவியிருக்கிறதா என்று காலால் தள்ளிப் பார்ப்பார். அப்படியே குனிந்து, சிந்திய பயறையும் எண்ணுவார். ஒரு சதுர அடியில் 4 பயறு கிடந்தால், ஏக்கருக்குச் சுமார் 27 கிலோ நஷ்டம்!