மருந்துச் சீட்டு எழுதாத மருத்துவர்

மருத்துவரிடம் சென்று வெறுங்கையோடு திரும்பினால் நம்மில் பலருக்கு மனம் ஆறுவதில்லை. ஓர் ஊசியாவது போட்டிருக்கலாம், நான்கு மாத்திரையாவது கொடுத்திருக்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறோம். மருந்தே கொடுக்காத மருத்துவ முறை ஒன்று உண்டு, அதற்கெனக் கல்லூரியும் பட்டமும் மருத்துவமனையும் உண்டு என்றால் மாணவியர் சிலர் வியப்படையக் கூடும். அதுவே இயற்கை மருத்துவம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாட்டி வைத்துக் கொடுக்கும் சுக்குக் கஷாயம், சித்த மருத்துவர் தரும் சூரணம், ஹோமியோபதி உருண்டைகள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து "இயற்கை வைத்தியம்" என்று சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. அவை யாவும் மருந்து கொடுக்கும் முறைகள். இயற்கை மருத்துவர் கையாளும் கருவிகள் வேறு. நீர், மண், வெயில், காற்று, உணவு, பட்டினி, உடற்பயிற்சி, ஓய்வு ஆகியவையே அவருடைய மருந்துப் பெட்டி. ஐரோப்பாவில் மூலிகைகளையும் இவற்றோடு சேர்த்துக்கொள்வதுண்டு. நம் நாட்டில் யோகாசனத்தைச் சேர்த்துக்கொண்டுள்ளனர்.

இம்முறையின் வரலாற்றில் முன்வரிசையில் நிற்பவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குரு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் செபஸ்தியான் க்னைப். ஜெர்மனியின் பவேரியா நாட்டுப்புறத்தில் 1821-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் ஓர் ஏழை நெசவாளியின் வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தறியில் அமர்ந்து நெய்ய வேண்டியிருந்தது. குருவாக வேண்டும் என்ற ஆசையோ நெஞ்சை விட்டு அகலவில்லை. படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணமும் வீடு தீப்பிடித்தபோது கருகிப் போயிற்று. பின்னர் நல்ல மனம் படைத்த ஒரு குருவானவர் இலத்தீன் மொழி கற்றுக் கொடுத்து, அவரைப் பள்ளிப் படிப்பில் சேர்த்துவிட்டார்.

படிப்பின் நடுவில் நெஞ்சு நோய் வந்தது. இருமலும் இரத்தமுமாக உடல் மெலிந்தது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882-ல்தான். ஆகவே அந்நாளில் இந்நோய்க்குக் காரணமும் தெரியாது, மருந்தும் கிடையாது. அந்த நிலையில் குளிர்நீர்ச் சிகிச்சையைப் பற்றி ஹான் என்னும் பழைய ஜெர்மானிய மருத்துவர் எழுதிய சிறு நூல் ஒன்று க்னைப்பின் கையில் கிடைத்தது. 1849-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டில்லிங்கன் நகரில் படித்துக்கொண்டிருந்த அவர், வாரத்திற்கு இரண்டு மூன்று முறை டான்யூப் நதிக்கு ஓடுவார். உடல் சூடேறியவுடன் சில்லிட்ட நீரில் சில விநாடிகள் மட்டும் மூழ்கி எழுவார். உடனே உடையை மாட்டிக்கொண்டு வீட்டிற்கு ஓடிவிடுவார். உடல் தேறியது. 1852-ல் குருப்பட்டம் பெற்றார்.

1855-ல் வோரிஸ்ஹோபன் என்னும் சிற்றூரில் இருந்த சாமிநாதர் சபைக் கன்னியர் மடத்திற்கு ஆன்ம குருவாக அனுப்பப்பட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்பதும் திருப்பலி நிறைவேற்றுவதும் போக, மடத்தின் நிலபுலன்களைச் சீர்ப்படுத்துவது, தேனீ வளர்ப்பது என்று பல வேலைகளைத் தம் தலைமேல் போட்டுக்கொண்டார். நோயுற்ற ஏழைகள் அவரைத் தேடி வரத் தொடங்கினர். முறையாக மருத்துவம் படிக்காதவர் வைத்தியம் பார்க்கிறார் என்று அவர் மீது புகார்களும் எழுந்தன. புகார் கூறியவர்கள் எல்லாரும் பொறாமைக்காரர்கள் என்று நாம் சொல்லிவிட முடியாது. படிக்காதவர் வைத்தியம் பார்த்தால் கேள்வி எழத்தான் வேண்டும். 1881-ல் அவ்வூரின் பங்குக் குருவானார். 1886-ல் தம் நீர்ச் சிகிச்சையைப் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டு, பல மொழிகளிலும் வெளிவந்தது. அதன் பிறகு அந்தக் குக்கிராமத்தில் கூட்டம் அலைமோதியது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1893-ல் அவருக்கு மொன்சிஞ்ஞோர் பட்டமளித்துச் சிறப்பித்தார். அடுத்த ஆண்டில் அவருடைய முறையைப் பயின்ற மருத்துவர்கள் தமக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். 1897-ல் அவர் இறந்தார்.

அவர் என்னதான் செய்தார்? பூவாளியை எடுத்துக்கொண்டு நோயாளியின் காலில் குளிர்ந்த நீரை ஊற்றினார்! கேட்பதற்கு நகைப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. இதயத்திற்குத் தொலைவில் உள்ள வலது பாதத்தில் தொடங்கி, காலின் வெளிப்புறமாக முழங்கால் வரை ஏறி, உட்புறமாக இறங்க வேண்டும். பிறகு இடது கால். நேரம் மிகக் குறைவு. கை கால் சில்லிட்டிருப்பவருக்குக் குளிர்நீர் ஊற்றக் கூடாது. முதலில் உடல் சூடாக இருக்க வேண்டும். ஊற்றிய பின் துணியால் துடைக்காமல், நீரைக் கையால் வழித்துவிட்டு, உடை அணிந்து, மீண்டும் உடல் கதகதப்பாகும் வரை நடக்க வேண்டும். குளிர்நீர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சிறிது நேரத்தில் அவை விரிந்து இரத்தம் பாய்வதால் இதமான வெப்பம் பரவுகிறது. அந்த வெப்பம் வராவிட்டால் சிகிச்சை தவறு என்று பொருள். கெண்டைக்கால் அளவு நீரில் நாரையைப் போல் ஒவ்வோர் அடிக்கும் காலை முழுதும் வெளியே தூக்கி நடப்பதும், காலைப் பனியில் நனைந்த புல்லில் வெறுங்காலுடன் நடப்பதும் அவர் கற்பித்தவையே. வெறுங்காலுடன் நடப்பது நமக்குப் புதிதன்று. சீமையில் கோமான்களும் சீமாட்டிகளும் காலணியைக் கழற்றிவிட்டு நடந்தது புதுமையாகத் தோன்றியிருக்கும்.

நீரோடு மூலிகை, உடலுழைப்பு, எளிய உணவு, ஒழுங்கான வாழ்வு என்று ஐந்து தூண்கள் மீது அவருடைய முறை நிற்கிறது. ஐந்தாவதுதான் மிகவும் கடினமானது என்பது நம் எண்ணம். காலில் நீர் ஊற்றிக்கொள்ள எவரும் வருவார்கள். நேரத்தோடு உறங்கி நேரத்தோடு எழச் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்?

நம் நாட்டிற்கு இம்முறை பெரிதும் நூல்களின் வழியாக வந்தது. லைப்சிக் நகரத்து லூயி கூனே என்பவர் இடுப்புக் குளியலைப் பற்றி எழுதிய நூலும், அடால்ஃப் ஜஸ்ட் என்பவர் மண் சிகிச்சையைப் பற்றி எழுதிய நூலும் இங்கே பலரைக் கவர்ந்தன. அவ்விரண்டையும் படித்துத் தம் மீதும் தம் வீட்டார் மீதும் செய்து பார்த்தவர் காந்தியடிகள். 1902-ல் பம்பாயில் அவருடைய பத்து வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு காய்ச்சலும் நிமோனியாவும் கண்டபோது, மருத்துவர் முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தியடிகள் இணங்காமல், இடுப்புக் குளியலும் ஈரத் துணிச் சுற்றும் ஆரஞ்சுச் சாறுமாகச் சிகிச்சை செய்தார். ஆயினும் அந்த மருத்துவரே இடையிடையே வந்து நாடியையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சிறுவன் பிழைத்தான். பிழைத்தது கடவுள் அருளாலா, நீராலா, பத்தியத்தாலா என்று யார் சொல்ல முடியும் என்ற கருத்தைப் பிற்காலத்தில் அவர் தம் சுயசரிதையில் எழுதினார். 1946-ல் புனேக்கு அருகில் உருளி காஞ்சன் என்னும் கிராமத்தில் ஏழைகளுக்காக இயற்கைச் சிகிச்சை ஆசிரமம் ஒன்றையும் தொடங்கி வைத்தார்.

இன்று இயற்கை மருத்துவரிடம் ஒருவர் சென்றால் என்ன நடக்கும்? முதலில் நீண்ட விசாரணை. எப்போது எழுகிறீர்கள், எப்போது உறங்குகிறீர்கள், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை தம்ளர் காபி, மலச்சிக்கல் உண்டா, வேலை உட்கார்ந்தா நின்றா, மனக்கவலை ஏதும் உண்டா என்று கேள்விகள் நீளும். இரத்த அழுத்தம் பார்ப்பார்; இரத்தம், சிறுநீர்ச் சோதனைகளையும் கேட்பார். பிறகு ஓர் அட்டவணை எழுதித் தருவார். வெறும் வயிற்றில் ஈர மண் பட்டி அரை மணி நேரம், அதன் பின் இடுப்புக் குளியல், யோகப் பயிற்சி, உணவு இன்னது, நடை இவ்வளவு தூரம் என்று அது செல்லும். மண் பட்டி என்றால் தெருப் புழுதியை அள்ளி அப்புவது அன்று. எரு, பூச்சி மருந்து கலவாத இடத்தில் மூன்று நான்கு அடி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் காயவைத்து, பொடித்து, சலித்து, ஊறவைத்து, துணியில் பரப்பி அடிவயிற்றில் வைப்பர். இடுப்புக் குளியலுக்குச் சாய்வு நாற்காலி போன்ற தொட்டி உண்டு. தொப்புள் வரை நீர் இருக்க, கால்களை வெளியே நீட்டி உட்கார வேண்டும். நீராவிக் குளியலுக்கு முன் நீர் அருந்தச் செய்து, தலையில் ஈரத் துணி சுற்றுவர். வாழையிலையால் உடலை மூடி வெயிலில் படுக்க வைக்கும் குளியலும் உண்டு.

உணவையும் அவர்கள் படிப்படியாகவே மாற்றுகின்றனர். முதலில் எலுமிச்சைச் சாறு, இளநீர், காய்ச்சாறு போன்ற கழிவு நீக்கும் உணவு. அடுத்துப் பழம், பச்சைக் காய், முளைகட்டிய பயறு, மோர் போன்ற இதமான உணவு. பிறகே தவிட்டோடு கூடிய தானியம் முதலிய வளர்ச்சி உணவு. சில நாள் மருத்துவமனையில் தங்கி வந்தாலும், வீட்டில் அந்தப் பழக்கம் தொடராவிட்டால் பலனில்லை. இங்கே நோயாளி சும்மா இருக்க, மருத்துவர் மட்டும் குணப்படுத்திவிட முடியாது. உடற்பருமன், மலச்சிக்கல், மூட்டுவலி, தொடக்க நிலை இரத்த அழுத்தம், நடுவயதில் வரும் சர்க்கரை நோய் போன்றவற்றில் உணவையும் நடையையும் உறக்கத்தையும் சீர்திருத்துவது நன்மை தரும் என்பதை ஆங்கில மருத்துவர்களும் மறுப்பதில்லை.

ஆனால் இம்முறையின் கொள்கைகள் எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. எல்லா நோய்க்கும் உடலில் தேங்கிய கழிவே காரணம் என்று கூனே போன்ற முன்னோடிகள் எழுதினர். கிருமிகளைப் பற்றியும், உடலின் சுரப்புகளைப் பற்றியும் நாம் இன்று அறிந்திருப்பதற்கு அது பொருந்தாது. க்னைப் அடிகளார் ஆற்றில் மூழ்கி நலம் பெற்றார் என்பதற்காகக் காசநோய் கண்ட ஒருவரைக் குளத்தில் முக்கினால் அது பாதகம். அவருக்கு வேண்டியது குறைந்தது ஆறு மாதம் விடாமல் உட்கொள்ளும் மருந்து. சிறு வயதில் வரும் சர்க்கரை நோய்க்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. வளரும் பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடல் இளைக்க வேண்டும் என்று தாங்களாகவே பட்டினி கிடப்பது இயற்கை மருத்துவம் ஆகாது. நம்மிடையே இரத்தசோகை உள்ள மாணவியர் பலர். கீரை நல்லதுதான், மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் விழுங்கத்தான் வேண்டும். தவக்காலத்து ஒருசந்திகூட வளர்ந்தவர்களுக்கே விதிக்கப்பட்டிருக்கிறது.

2018-ஆம் ஆண்டு ஜூலையில் திருப்பூரில் நடந்ததைப் பெற்றோர் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். மருத்துவமனை வேண்டாம், இயற்கையாகவே பிள்ளை பிறக்கட்டும் என்று வீட்டிலேயே பேறு பார்த்ததில், ஓர் இளம் தாய் இரத்தப் போக்கினால் உயிரிழந்தார். அருகில் எந்த மருத்துவரும் இல்லை. "இயற்கை" என்ற சொல்லைக் கேட்டதும் நம்பிவிடும் பழக்கம் நம்மிடம் வளர்ந்து வருவதால்தான் இதை இங்கே எழுதுகிறோம்.

காந்தியடிகள் செய்ததையே எடுத்துக்கொள்வோம். எரவாடா சிறையில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டது. 1924 ஜனவரி 12-ஆம் நாள் இரவு புனே சசூன் மருத்துவமனையில் கர்னல் மாடக் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அறுவை செய்தார். நடுவில் மின்விளக்கு அணைந்துபோக, அரிக்கேன் விளக்கொளியில் அறுவையை முடிக்க நேர்ந்தது. வாழ்நாளெல்லாம் மண்ணையும் நீரையும் நம்பியவர் அன்று மறுத்திருந்தால் வரலாறே மாறியிருக்கும். மருந்துகளை ஆண்டவரே நிலத்திலிருந்து உண்டாக்கினார், அறிவுள்ளவர் அவற்றைப் புறக்கணிக்க மாட்டார் என்ற பொருளில் சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரமும் பேசுகிறது. அதே அதிகாரம் நோயாளி செபிக்க வேண்டும் என்றும், பின் மருத்துவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆகவே இயற்கை மருத்துவரிடம் செல்லும்போது, எங்கே படித்தீர்கள், என்ன பட்டம் பெற்றீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. ஏற்கெனவே உண்டுவரும் மருந்துகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா மாத்திரைகளையும் இன்றே தூக்கி எறியுங்கள் என்பவரிடம் மறுமுறை போக வேண்டாம். நன்றாகப் படித்தவர், இது என் கையில் இல்லை, உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொல்லத் தயங்குவதில்லை.

இப்படிப்பில் விருப்பமுள்ள மாணவியருக்கு ஒரு செய்தி. சென்னை அரும்பாக்கத்தில் அரசினர் யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. கர்நாடகத்தில் உஜிரே என்னும் ஊரில் 1989-லேயே இத்தகைய கல்லூரி தோன்றிவிட்டது. பட்டப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். அதில் கடைசி ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தண்ணீரும் மண்ணும்தானே, எளிதாகத் தேறிவிடலாம் என்று எண்ணிச் சேருபவர்களுக்கு முதல் ஆண்டிலேயே உடற்கூற்றியலும் உடலியங்கியலும் கனத்த புத்தகங்களாகக் காத்திருக்கின்றன.