நாதத்தைத் திருத்திய கை
போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு ஏலம் உண்டு. தரம் பார்த்து விலை. ஆனால், ஏலமலை அடிவாரத் திருவிழாக்களில் ஒலிக்கும் நாகசுரத்தைச் செய்யும் கைக்கு என்ன விலை?

பழைய திமிரி நாகசுரம் குட்டையானது. உச்ச சுருதியில் ஒலிப்பது. அதில் சுத்த மத்திமத்தைத் துல்லியமாக வாசிப்பது கடினம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தேவையறிந்து, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி குழலை நீட்டி, துளைகளின் இடம் திருத்திப் பாரி நாகசுரத்தை உருவாக்கினார். சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது, மத்திமம் வசப்பட்டது.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குறியீடு பெயரைக் காக்கும், வாசிப்பவரின் குறைகேட்டு ஆச்சா மரத்தைக் கடையும் திறனைக் காக்காது. அதைக் கற்க வரும் இளைஞருக்குப் பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் வழங்குவதே உண்மையான காப்பு.