சாக்கடையா, சாலையா? ஊரே கூடி முடிவு செய்த பட்ஜெட்

1989 ஜனவரியில் ஒலிவியோ துத்ரா மேயர் நாற்காலியில் உட்கார்ந்தபோது, நகராட்சிக் கஜானாவில் செலவழிக்கப் பணம் இல்லை. பிரேசிலின் தென்கோடி மாநிலத்துத் தலைநகரான போர்டோ அலெக்ரேயின் வருமானத்தில் ஏறக்குறைய முழுவதும் ஊழியர்களின் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. சுமார் 13 லட்சம் பேர் வாழும் நகரம் அது. நடுவில் அகலமான சாலைகளும் பூங்காக்களும் இருந்தன. சுற்றியிருந்த குன்றுச் சரிவுகளிலும் தாழ்நிலங்களிலும் ஏழைகளின் குடியிருப்புகள் இருந்தன; அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது, மழை பெய்தால் தெருவில் நடக்க முடியாது. வங்கி ஊழியர் சங்கத் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்தவர் துத்ரா. தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த அவர், நகரத்தின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களே தீர்மானிப்பார்கள் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்திருந்தார்.

அந்த வாக்குறுதி அவர் மூளையில் மட்டும் உதித்ததல்ல. பிரேசிலில் 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. அதன் கடைசி ஆண்டுகளில், தண்ணீருக்கும் பேருந்துக்கும் போராடிப் பழகிய குடியிருப்போர் சங்கங்கள் போர்டோ அலெக்ரேயில் 1983இல் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்தன. நகராட்சியின் பணம் எங்கே போகிறது என்று கேட்கத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். 1988இல் வந்த புதிய அரசியல் சட்டம் வரி வருவாயில் நகராட்சிகளின் பங்கைக் கூட்டியது. கேள்வி கேட்கும் மக்கள், கேட்கச் சம்மதித்த மேயர், கொஞ்சம் கூடுதல் பணம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்தன. இன்று உலகமெங்கும் ‘பங்கேற்பு பட்ஜெட்’ என்று பேசப்படுவது அங்கே பிறந்தது.

பிறந்தவுடன் நடக்கவில்லை. முதல் ஆண்டில் கூட்டம் போட்டார்கள், மக்கள் தங்கள் தேவைகளை வரிசையாகச் சொன்னார்கள், அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். வேலை நடக்கவில்லை, ஏனென்றால் பணம் இல்லை. அடுத்த ஆண்டு, 1990இல், மொத்த நகரத்திலும் கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. வந்து பேசி என்ன ஆகப்போகிறது என்று மக்கள் நினைத்ததில் தவறே இல்லை. நகராட்சி அப்போது ஒரு கடினமான காரியத்தைச் செய்தது: சொத்து வரியை மாற்றியமைத்து, பெரிய சொத்துக்காரர்கள் கூடுதலாகக் கட்டும்படி செய்தது. பணம் வரத் தொடங்கியது. குன்றுப்புறத் தெருக்களில் குழாய் இறங்கியது, தார் விழுந்தது. ஒரு தெருவில் வேலை நடப்பதைப் பார்த்த அடுத்த தெருக்காரர்கள் மறுவருடம் கூட்டத்துக்கு வந்தார்கள். 1990களின் முடிவில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் கலந்துகொண்டார்கள்.

நடைமுறை இப்படி. நகரத்தை 16 வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரலில் ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுக்கூட்டம். யாரும் வரலாம், கட்சி அட்டை தேவையில்லை. மேயர் நேரில் வந்து உட்கார வேண்டும். போன ஆண்டு ஒப்புக்கொண்ட வேலைகளின் பட்டியல் அச்சடித்த புத்தகமாக மக்கள் கையில் இருக்கும். எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எது தொடங்கவே இல்லை என்று அவரவர் தெருவை வைத்தே கேட்பார்கள். கேள்விக்கு ஆதாரம் கேட்பவர் கையிலேயே இருந்ததால், மழுப்பலான பதில் எடுபடவில்லை.

பிறகு சிறுசிறு கூட்டங்கள். சாக்கடையா, சாலையா, பள்ளியா, வீட்டுமனையா என்று தெருத்தெருவாக விவாதித்து முதல், இரண்டாம், மூன்றாம் இடம் கொடுப்பார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களில் சுமார் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பிரதிநிதிகள் தேர்வாவார்கள். அதனால் தன் தெருவுக்கு வேலை வேண்டும் என்று நினைப்பவர் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார். அதற்கு மேலே வட்டாரத்துக்கு இருவர் வீதம் அமர்ந்த பட்ஜெட் மன்றம், நகராட்சி அதிகாரிகளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து வரவு செலவைப் பேசும். ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அந்த மன்றத்தில் இருக்க முடியாது. கூட்டங்களுக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். நகரத்தின் சராசரியைவிட ஏழைகளின் பங்கு அதிகம் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாரும் கை தூக்கி வாக்களித்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடாது. அதிகம் பேரைத் திரட்டத் தெரிந்த வட்டாரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். இதைத் தடுக்க போர்டோ அலெக்ரே ஒரு மதிப்பெண் முறையை வைத்திருந்தது. இந்த முயற்சியின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மூன்று கணக்கில் புள்ளிகள்: கேட்கும் வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது, எத்தனை பேர் வாழ்கிறார்கள், அந்த மக்கள் அதற்கு எந்த இடம் கொடுத்தார்கள். சாலையே இல்லாத வட்டாரத்துக்கு, ஏற்கெனவே நல்ல சாலைகள் உள்ள வட்டாரத்தைவிடச் சாலைப் பணம் பல மடங்கு கிடைக்கும். இந்த விதிகளையும் பட்ஜெட் மன்றத்து மக்களே ஆண்டுதோறும் விவாதித்துத் திருத்தினார்கள். இல்லாதவனுக்கு முதலில் என்பது மேடைப் பேச்சாக நின்றுவிடாமல் கூட்டல் கணக்காக மாறியது.

அதன் பலனை உலக வங்கியே பதிவு செய்திருக்கிறது. குடிநீர், கழிவுநீர் இணைப்பு பெற்ற வீடுகள் 1988இல் 75 சதவீதம்; 1997இல் 98 சதவீதம். 1986ஐ ஒப்பிட்டால் நகராட்சிப் பள்ளிகளின் எண்ணிக்கை பத்தாண்டுகளில் நான்கு மடங்கானது. 1996இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு மாநாடு, நகர நிர்வாகத்துக்கு நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதைத் தேர்ந்தெடுத்தது. பிரேசிலின் மற்ற நகரங்களும் பின்தொடர்ந்தன. பெலோ ஹொரிசோன்ட்சி நகரில் 1993இல் தொடங்கியபோது ஓர் அழகான வழக்கத்தைச் சேர்த்தார்கள். வாக்களிப்பதற்கு முன் பிரதிநிதிகள் எல்லாரும் பேருந்தில் ஏறி, பணம் கேட்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். தன் தெருக் குழிதான் உலகத்திலேயே பெரிது என்று நினைத்து வந்தவர், சரிந்து விழக் காத்திருக்கும் மண்மேட்டின் கீழ் குடியிருப்பவர்களைப் பார்த்துவிட்டுத் தன் வாக்கை மாற்றிப் போட வாய்ப்புக் கிடைத்தது.

பொருளாதார ஆய்வாளர் சோனியா கொன்சால்விஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. பங்கேற்பு பட்ஜெட்டைக் கடைப்பிடித்த பிரேசில் நகராட்சிகள் சுகாதாரத்துக்கும் கழிவுநீர் வசதிக்கும் கூடுதலாகச் செலவிட்டன. அங்கே குழந்தை இறப்பு விகிதம் குறைந்தது. சாக்கடை கட்டினால் வயிற்றுப்போக்கு குறையும், வயிற்றுப்போக்கு குறைந்தால் குழந்தைகள் பிழைக்கும். சாக்கடை வேண்டும் என்று தாய்மார்கள் கைதூக்கியது வீண் போகவில்லை.

அப்படிப்பட்ட போர்டோ அலெக்ரேயிலேயே இது தேய்ந்துபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000களின் தொடக்கத்தில் நகரத்தின் நிதி நெருக்கடி கூடியது. ஒப்புக்கொண்ட வேலைகள் முடியாமல் குவிந்தன. 2004 தேர்தலில் தொழிலாளர் கட்சியின் 16 ஆண்டு கால ஆட்சி மாறியது. புதிய நிர்வாகம் கூட்டங்களை நிறுத்தவில்லை, ஆனால் அவற்றின் கையிலிருந்த பணமும் அதிகாரமும் சுருங்கின. 2017இல் அடுத்து வந்த இன்னொரு நிர்வாகம், செய்து முடிக்கப் பணமில்லை என்று சொல்லி நிறுத்தியே வைத்தது. 1989இல் எந்த இடத்தில் தடுமாறித் தொடங்கியதோ, அதே இடத்தில்தான் பின்னாளிலும் இடறியது. மேஜையில் பணம் இல்லாவிட்டால் மக்கள் கூட்டம் வெறும் மனுக் கொடுக்கும் கூட்டம்.

அதற்குள் யோசனை உலகைச் சுற்றிவிட்டது. 2019இல் எடுத்த உலகளாவிய கணக்கு, 11,000க்கும் மேற்பட்ட இடங்களில் ஏதோ ஒரு வடிவில் இது நடப்பதாகச் சொன்னது. தென் கொரியாவில் 2011 முதல் எல்லா உள்ளாட்சிகளுக்கும் சட்டப்படி கட்டாயம். நியூயார்க்கில் அதே ஆண்டு நான்கு கவுன்சிலர்கள் தங்கள் தொகுதிப் பணத்தை மக்களிடம் விட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களும், வாக்குரிமை வயதை எட்டாத பிள்ளைகளும்கூட அங்கே வாக்களிக்கலாம். பாரிஸ் 2014இல் தன் முதலீட்டுப் பணத்தில் 5 சதவீதத்தை ஒதுக்கியது. இவற்றில் பல நல்ல முயற்சிகள்தான். ஆனாலும் பூங்காவுக்கு இருக்கை, பள்ளிக்குக் கணினி என்ற அளவில் நின்றுவிடும் இடங்களில், குறைவாக உள்ளவருக்குக் கூடுதல் என்ற அந்த மூலவிதி காணாமல் போய்விடுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய அளவில் ஒரு முயற்சி நடந்தது. 1996 ஆகஸ்ட் 17, மலையாள ஆண்டுப் பிறப்பான சிங்ஙம் முதல் நாள். முதலமைச்சர் நாயனார் தலைமையிலான இடதுசாரி அரசு கேரளத்தில் மக்கள் திட்டத்தைத் தொடங்கியது. திட்டக் குழு உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக் போன்றவர்கள் அதை வடிவமைத்தார்கள். அவர்கள் முதலில் கை வைத்தது பணத்தில்: மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். பட்ஜெட் ஆவணத்தின் நான்காம் பிற்சேர்க்கையில் எந்தப் பஞ்சாயத்துக்கு எத்தனை ரூபாய் என்று பெயர் போட்டு அச்சாகும். தன் ஊர்ப் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள யாருடைய தயவும் வேண்டியதில்லை.

அடுத்தது ஆள் பயிற்சி. ஊர்க்கூட்டத்தில் விருப்பம் சொல்வது எளிது. அதை மதிப்பீடும் வரைபடமும் கொண்ட திட்டமாக எழுதுவது எளிதல்ல. கேரளம் ஊர் அளவில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் அலுவலர்களும் திட்டங்களைச் சரிபார்க்க முன்வந்தார்கள். கிராம சபை, வளர்ச்சிக் கருத்தரங்கு, பணிக்குழு என்று படிப்படியாகத் திட்டம் உருவாகும். பெண்களுக்கான திட்டங்களுக்கு 10 சதவீதம் தனியே ஒதுக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். ஒப்பந்தக்காரருக்குப் பதில் பயனாளிகள் குழுவே வேலையை எடுத்துச் செய்யலாம் என்றும் வந்தது. சில ஊர்களில் அந்தக் குழுவின் பெயரில் பழைய ஒப்பந்தக்காரரே பின்னால் நின்றார். ஆரம்ப வேகம் குறைந்த பிறகு கிராம சபைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பயனாளிப் பட்டியலில் இடம் தேடுபவர்களாகிவிட்டார்கள் என்ற விமர்சனமும் உண்மையானது. ஆயினும் ஆட்சிகள் மாறி மாறி வந்தபோதும் உள்ளாட்சிக்கு நிதி ஒதுக்கும் ஏற்பாட்டை எந்த அரசும் கைவிடவில்லை. சட்டத்திலும் பட்ஜெட் ஆவணத்திலும் ஏறிவிட்ட உரிமையை எடுத்துவிடுவது எளிதல்ல.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகியவற்றையும் கிராம சபை நாள்களாக அரசு சேர்த்திருக்கிறது. நகரங்களில் வார்டுக்குள் பகுதி சபை அமைக்க 2022இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று கூட்டங்களும் நடந்தன. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பதவிக்காலம் முடிவது தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்தான். கிராம சபை என்பது ஊரின் வாக்காளர்கள் அனைவரும். அதற்குக் காலாவதி கிடையாது.

கூட்டம் இருக்கிறது, நாள் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. குறைவது தொகை பற்றிய பேச்சு. பெரும்பாலான கூட்டங்களில் தீர்மானங்கள் வாசிக்கப்படுகின்றன, கோரிக்கைகள் எழுதிக்கொள்ளப்படுகின்றன; இந்த ஆண்டு ஊருக்கு வந்தது இவ்வளவு, இதில் ஊர் தன் விருப்பப்படி செலவிடக்கூடியது இவ்வளவு என்று முதலில் சொல்லிவிட்டு விவாதத்தைத் தொடங்குவது அரிது. 15வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதத்தைச் சம்பளம், நிர்வாகச் செலவு தவிர ஊரின் தேவைக்கேற்பச் செலவிட இடம் இருந்தது. இந்த 40 சதவீதம் தங்கள் ஊருக்கு எத்தனை ரூபாய் என்று தெரிந்த வாக்காளர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அடுத்த கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ போகும்போது, தெருவிளக்கைக் கேட்பதற்கு முன் கணக்கைக் கேளுங்கள். போன ஆண்டு வந்த தொகை, செய்த வேலைகள், கையிருப்பு, இந்த ஆண்டு எதிர்பார்க்கும் தொகை ஆகிய நான்கையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அது கைக்கு வந்தபின், ஊரில் எந்தத் தெருவுக்கு இதுவரை ஒன்றுமே வரவில்லை என்று பாருங்கள். அந்தத் தெருக்காரர்களையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள்.