பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும்

நோயாளியின் படுக்கையருகே இரவும் பகலும் விழித்திருப்போர் பலர், தமது உணவையும் உறக்கத்தையும் துறப்பதே அன்பு என எண்ணுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். திருமறை காட்டும் வழியோ வேறு.

மனம் தளர்ந்து, சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவை இறைவன் கடிந்துகொள்ளவில்லை. அவருக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் அப்பமும் தண்ணீருமே. மக்களின் வழக்குகளை நாள்முழுதும் தனியே விசாரித்த மோசேக்கு, சுமையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுமாறு மாமனார் எத்திரோ அறிவுறுத்தினார்.

அண்டை மாவட்டமான வேலூரில் 1900இல் ஒரே படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் தனித்தே சுமக்கவில்லை. 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கிப் பிறரை ஆயத்தப்படுத்தினார்.

நம் ஊர்க் கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளமுடையது. நடப்போர் பலரும் இடையிடையே அமர்ந்து இளைப்பாறியே அதனைக் கடக்கின்றனர். நெடுநாள் நோயாளியைப் பராமரிப்பதும் அத்தகைய நடையே. சற்று ஓய்வெடுப்பது அவரைக் கைவிடுவதாகாது.

உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், தமக்குரிய மருந்தையே மறத்தல் ஆகியவை மிகுந்த களைப்பின் அறிகுறிகள். குடும்பத்தினர் முறைவைத்து இரவில் தங்குங்கள். உதவ முன்வருவோரிடம் உணவு கொண்டுவருதல், மருந்து வாங்குதல் போன்ற ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சோர்வு இரு வாரங்கள் கடந்தும் நீங்காவிடில் மருத்துவரிடம் கூறுங்கள். வாழ்வே வேண்டாம் எனத் தோன்றினால் ஒரு நாளும் காத்திராமல், பணியிலுள்ள செவிலியரிடம் அப்பொழுதே சொல்லுங்கள்.